ஏஐ கையில் எந்தக் கட்டளையைக் கொடுப்பது?

என்னிடம் பழைய தமிழ்ச் சிற்றிதழ்களின் பிடிஎஃப்கள் ஒரு ஃபோல்டர் நிறையக் கிடக்கின்றன. நண்பர்கள் அனுப்பியவை, இணைய நூலகங்களிலிருந்து இறக்கியவை, நானே ஸ்கேன் செய்தவை என எல்லாம் கலந்து. கோப்பின் பெயரை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. பாதிக்குமேல் 'ஸ்கேன்' என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் பெயர். இதில் ஒரு குறிப்பிட்ட கட்டுரையைத் தேடுவது, ஆசிரியர் வாரியாகப் பட்டியல் போடுவது போன்ற வேலைகளை ஏஐயிடம் தள்ளிவிடலாம் என்று தோன்றி ரொம்ப நாளாயிற்று. ஆனால் ஒவ்வொரு பிடிஎஃப்பாக உரையாடல் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருப்பதற்கு, நானே உட்கார்ந்து படித்துவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வேலைக்கு வேண்டிய நிரல்கள் எல்லாமே என் லினக்ஸ் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைப் பிரிக்க பிடிஎஃப்டூடெக்ஸ்ட். பக்கத்தைப் படமாக்க பிடிஎஃப்டூபிபிஎம். படத்திலுள்ள தமிழைப் படிக்க டெசராக்ட். தேட கிரெப். எல்லாம் டெர்மினலில் ஒரு வரி அடித்தால் ஓடுபவை. ஏஐக்கு அந்த வரியை அடிக்கக் கை இல்லை, அவ்வளவுதான் குறை. அந்தக் கையைச் செய்து கொடுப்பது பற்றித்தான் இந்தப் பதிவு. செய்து பார்த்ததில் ஓர் அபிப்பிராயம் உறுதியாகிவிட்டது: இணைப்பது ஒரு சாயங்கால வேலை. எதையெல்லாம் கொடுக்காமல் விடுவது என்று முடிவு செய்வதில்தான் மீதி எல்லா நேரமும் போகிறது.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மாடலால், அதாவது ஏஐயின் உள்ளேயிருக்கும் மொழி மாதிரியால், தானாக எதையும் ஓட்ட முடியாது. எழுத்து உள்ளே போகும், எழுத்து வெளியே வரும். நாம் அதனிடம் "இந்தப் பெயரில் ஒரு டூல் இருக்கிறது, இன்ன வேலை செய்யும், இன்னின்ன விவரம் கொடுக்க வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். தேவைப்படும்போது "இந்த டூலை, இந்த விவரங்களோடு ஓட்டு" என்று அது ஜேசன் என்ற, நிரல்கள் படிக்கக்கூடிய வடிவில் எழுதிக் கொடுக்கிறது. ஓட்டுவது நம் நிரல். வந்த பதிலை மறுபடி அதன் முன்னால் வைக்கிறோம். ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் தன் ஏபிஐயில் (பிற நிரல்கள் மாடலை அழைக்கும் வழி) இந்த வசதியைக் கொண்டுவந்தது. பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பாணி வைத்துக்கொண்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டதும், டூல்களை வழங்கும் சர்வர் ஒன்றை ஒருமுறை எழுதினால் அதைப் புரிந்துகொள்ளும் எந்தச் செயலியோடும் இணைக்கலாம் என்றாயிற்று.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உள்ளூரில் ஓடும் எம்சிபி சர்வரும் ஒரு கமாண்ட் லைன் நிரல்தான். செயலி அதைத் தொடங்கி, அதன் ஸ்டாண்டர்ட் இன்புட்டில், அதாவது நிரலுக்குள் எழுத்து நுழையும் வாயிலில், ஜேசன் வடிவக் கோரிக்கைகளை (ஜேசன்-ஆர்பிசி) எழுதுகிறது. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வருவதைப் பதிலாகப் படிக்கிறது. அதாவது பைப், ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்கும் குழாய். 1973ல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்குள் வந்த அதே பைப். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் ஒரே இரவில் எழுதிச் சேர்த்தார் என்பார்கள். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் அதைக் கேட்டு நச்சரித்தவர் அதே ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய். 1978ல் அவரும் சகாக்களும் எழுதிய முன்னுரை ஒன்றில், உங்கள் நிரலின் வெளியீடு இன்னும் யாருக்கும் தெரியாத வேறொரு நிரலுக்கு உள்ளீடாகப் போகும் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள் என்று ஒரு யோசனை இருக்கிறது. அந்தத் தெரியாத நிரல் இப்படியொன்றாக வந்து நிற்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, தனித்தனி டூல் எதற்கு, டெர்மினலில் அடிக்கும் எந்தக் கட்டளையையும் வாங்கி ஓட்டும் ஷெல்லையே தூக்கிக் கொடுத்துவிட்டால் என்ன? "ஒரு கட்டளையை வாங்கி ஓட்டு" என்று ஒரே டூல். பைத்தானில் சில வரிகள் போதும். கிளாட் கோட் போன்ற கோடிங் உதவியாளர்கள் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன, நன்றாகவும் செய்கின்றன. கிட், கிரெப், ஜேக்யூ போன்ற நிரல்கள் பற்றி உலகம் எழுதி வைத்த உதவிப் பக்கங்களையும் கேள்வி பதில்களையும் மாடல்கள் கரைத்துக் குடித்திருக்கின்றன. நாலு கட்டளையைப் பைப்பில் கோப்பது நம்மைவிட அதற்கு வேகமாக வருகிறது. வேண்டாமென்றால் தூக்கிப் போடக்கூடிய கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனியாகப் பிரித்த பெட்டி), இணைய இணைப்பை வெட்டிவிட்டு ஓட்டுவதென்றால் நானும் ஷெல்லைத்தான் கொடுப்பேன். அங்கே டூல் எழுதிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. போதாக்குறைக்கு, ஒவ்வொரு டூலின் விளக்கமும் உரையாடலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாற்பது டூலைக் கொட்டி வைத்தால் கேள்வி கேட்பதற்கு முன்பே மாடலின் தலை நிரம்பிவிடும்.

ஆனால் என் குடும்பப் படங்களும் வங்கிக் காகிதங்களும் இருக்கும் கணினியில் அது நடக்காது. உடனே எவருக்கும் தோன்றுவது: பாதுகாப்பான கட்டளைகளுக்கு ஒரு பட்டியல் போட்டு அவற்றை மட்டும் அனுமதிக்கலாமே? அந்தப் பட்டியலில் முதலில் எது வரும்? ஃபைண்ட். தேடுவதுதானே அதன் வேலை. ஆனால் ஃபைண்டுக்கு 'டெலீட்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துவிடும். 'எக்ஸெக்' என்று இன்னொன்று உண்டு, எந்தக் கட்டளையையும் ஓட்டும். போகட்டும், சார்ட்? வரிகளை வரிசைப்படுத்துவதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது? வெளியீட்டை எந்தக் கோப்பின்மேலும் எழுத அதற்கு வழி இருக்கிறது. தற்காலிகக் கோப்புகளைச் சுருக்க எந்த நிரலை ஓட்டுவது என்று சொல்லவும் இடமிருக்கிறது. எழுத்தை அலசும் 'ஆக்' நிரல் ஒரு நிரல்மொழியே. அதற்குள்ளிருந்து ஷெல்லை அழைக்கலாம். எழுத்தைத் திருத்தும் குனு 'செட்' நிரலிலும் அப்படித்தான். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார், தன் வேலையின் நடுவிலேயே ஒரு கட்டளையை ஓட்டும் வசதி கொண்டது. கிட்டில் எத்தனை வழி என்று எண்ணத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. இவற்றையெல்லாம் எழுதியவர்கள், கீபோர்டின் முன்னால் இருப்பவர் அந்தக் கணக்குக்கு உரியவர் என்ற நம்பிக்கையில் எழுதினார்கள். அந்த நம்பிக்கையில் தவறில்லை. உட்கார்ந்திருப்பவர்தான் மாறிவிட்டார்.

இது புதிய தலைவலியும் இல்லை. 1993 வாக்கில் வெப் சர்வர்களில் சிஜிஐ வந்தது. பிரவுசரில் எவரோ அடித்ததை வாங்கி, சர்வரிலுள்ள ஒரு நிரலை ஓட்டி, வெளியீட்டைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. அமெரிக்க ஆய்வு மையமான என்சிஎஸ்ஏவின் வெப் சர்வரோடு பிஎச்எஃப் என்று ஒரு மாதிரி நிரலும் வந்தது; தொலைபேசிப் புத்தகத்தில் ஆள் தேடுவதற்கு. நாம் அடிக்கும் பெயரை ஒரு கட்டளைக்குள் செருகி அதை ஷெல்லிடம் கொடுக்கும். அரைப்புள்ளி, பைப் போன்ற வில்லங்கமான குறிகளை முன்கூட்டியே மடக்கிப் போட ஒரு ஃபங்ஷனும் இருந்தது. அந்த ஃபங்ஷனின் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று: புதுவரிக் குறி. பெயருக்குப் பின்னால் ஒரு புதுவரியைப் போட்டு, அடுத்து விரும்பிய கட்டளையை எழுதினால் சர்வர் சமர்த்தாக அதையும் ஓட்டும். 1996ல் எச்சரிக்கை வெளியானது. வெளியான பிறகும் எத்தனையோ சர்வர்களின் பாஸ்வேர்ட் கோப்பு இந்த ஒற்றைக் குறியின் வழியாக வெளியே போனது.

ஆகவே ஷெல்லை நடுவில் விடாதீர்கள். நிரலின் பெயர், அதன் ஒவ்வொரு ஆர்க்யுமென்ட் (கூடவே கொடுக்கும் விவரம்) என்று பட்டியலாகப் பிரித்து நேரே இயக்க முறைமையிடம் கொடுத்தால் அரைப்புள்ளியும் புதுவரியும் வெறும் எழுத்துகளாகிவிடும். இதைப் பாடப் புத்தகம் எல்லாமே சொல்கிறது. அதற்கு அப்புறமும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 2017 ஆகஸ்டில், நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட், மெர்க்குரியல், சப்வெர்ஷன் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் திருத்தம் வந்தது. தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் நிரலுக்கான முகவரியில் சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோட்டில் தொடங்கும் ஒன்றை எழுதினால், எஸ்எஸ்எச் அதைத் தனக்கான ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். அந்த ஆப்ஷன் வழியே எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். பட்டியலாகப் பிரித்துக் கொடுத்தாலும் இது நிற்காது, ஏனென்றால் ஏமாறுவது ஷெல் இல்லை, நிரல்.

இதற்கென்றே இரட்டைக் கோடு என்று ஒரு மரபு உண்டு: இதற்குப் பின்னால் ஆப்ஷன் கிடையாது என்று நிரலுக்குச் சொல்வது. எல்லா நிரலும் அதை மதிப்பதில்லை. அதனால் நான் வரும் பாதையை முழுப் பாதையாக மாற்றி, சிம்லிங்குகளை (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகளை) அவிழ்த்து, கடைசியில் அது என் இதழ் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரலிடம் அனுப்புகிறேன். முழுப் பாதை எப்போதும் சாய்கோட்டில் தொடங்கும், சிறு கோட்டில் தொடங்க வழியே இல்லை. ஒரே சோதனையில் இரண்டு கவலையும் தீர்ந்தது.

இனி டெசராக்டுக்கு வருவோம். 1980களில் எச்பியில் பிறந்து, 2005ல் திறமூலமாகி, பிறகு கூகுள் ஆதரவில் வளர்ந்த ஓசிஆர் நிரல், அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படிப்பது. தெளிவான அச்சென்றால் தமிழை நன்றாகவே படிக்கிறது. அதன் ஆப்ஷன்களை அப்படியே டூலின் விவரங்களாக்கி வைப்பதுதான் வழக்கமாக எல்லோரும் செய்வது. உதவிப் பக்கத்தைப் படித்துத் தானாகவே டூல் தயாரித்துவிடலாம் என்ற ஆசையும் நிறையப் பேருக்கு இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணத்தைக் காட்டுகிறேன். டெசராக்டில் பக்க அமைப்பு என்று ஓர் எண் கொடுக்கலாம், 0 முதல் 13 வரை. மாடலுக்குக் கூச்சம் கிடையாது, ஏதோ ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கும். 6 என்று போட்டால் 'பக்கம் முழுவதும் ஒரே கட்டம்' என்று பொருள். நம் சிற்றிதழ்களோ பெரும்பாலும் இரண்டு பத்தியாக அச்சிட்டவை. இடது பத்தியின் முதல் வரியையும் வலது பத்தியின் முதல் வரியையும் ஒரே வரியாகச் சேர்த்துப் படித்து வைக்கும். சொற்கள் எல்லாம் சரியான தமிழாகத்தான் இருக்கும், வாக்கியத்துக்குத்தான் பொருள் இருக்காது. மாடலோ அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்து, நவீனத்துவக் கவிதை என்று விளக்கமே எழுதிவிடும். சிற்றிதழ் என்பதால் நமக்கும் சட்டென்று சந்தேகம் வராது.

அதனால் டெசராக்டை நான் கொடுக்கவே இல்லை. 'பக்கத்தைப் படி' என்று ஒரு டூல் கொடுத்தேன். கோப்பு, பக்க எண், அவ்வளவுதான் அது தர வேண்டிய விவரம். மொழி தமிழும் ஆங்கிலமும் என்று நான் முடிவு செய்துவிட்டேன், பக்க அமைப்பைத் தானாகக் கண்டுபிடிக்க விட்டுவிட்டேன். டெசராக்ட் பிடிஎஃப்பை நேரடியாகப் படிக்காது, முதலில் பக்கத்தை 300 டிபிஐயில் படமாக்க வேண்டும். அது மாடலுக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை.

உள்ளே நடப்பதுதான் சுவாரசியம். முதலில் பிடிஎஃப்டூடெக்ஸ்டை ஓட்டுகிறேன். எழுத்து வந்தால் லாபம், நொடியில் முடிந்தது. ஒன்றும் வராவிட்டால் அது ஸ்கேன், ஓசிஆருக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, தமிழ் பிடிஎஃப்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்: யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அச்சுக்கோத்தவை. கண்ணுக்கு அழகான தமிழ், பிரித்தெடுத்தால் குப்பை. பாமினி என்ற அப்படியான எழுத்துருவில் 'தமிழ்' என்று இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக வெளியே விழும். நிரலைப் பொறுத்தவரை எழுத்து வந்துவிட்டது, முடியும்போது அது தரும் எக்ஸிட் கோடும் 0, எல்லாம் வெற்றி. பாமினி என்று தெரிந்தால் மாற்றிவிடலாம். ஆனால் பழைய எழுத்துரு ஒன்றிரண்டு அல்லவே, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. நான் குறுக்கு வழியில் போனேன். யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களுக்குள் வரும் எழுத்து எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. ரொம்பக் குறைவென்றால் பிரித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓசிஆருக்கே போவது. பதிலின் தலையில் 'நேரடி எழுத்து' அல்லது 'ஓசிஆர்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஓசிஆர் என்றால் காலும் ரகரமும் மாறியிருக்கலாம், அப்படியே மேற்கோள் காட்டாதே என்றும் டூலின் விளக்கத்தில் எழுதி வைத்தேன். அதன்பிறகு மாடல் மேற்கோளுக்குப் பதிலாகப் பக்க எண்ணைக் கொடுக்கிறது. ஒரு ஷெல்லைக் கொடுத்திருந்தால் இந்த அறிவையெல்லாம் எங்கே வைப்பது என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியீட்டை வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. நீளமான பதிலை முழுசாக அனுப்பக் கூடாது, தமிழுக்கு டோக்கனும் (மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் துண்டு) அதிகம் செலவாகும். பல மாதிரி நிரல்களில் 4096 பைட்டோடு நறுக்கிவிடுவார்கள். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 4096ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1. கத்தி ஓர் எழுத்தின் நடுவில் இறங்கலாம், அந்தத் துண்டை எழுத்தாக்க முயலும்போது பைத்தான் பிழை சொல்லி நின்றுவிடும். பைட்டுக்குப் பதிலாகக் குறிகளை எண்ணி வெட்டினாலும் தொல்லைதான். 'கொ' என்பது இரண்டு குறி, கொம்பும் காலும் போய் 'க' மட்டும் மிஞ்சலாம். வரியின் முடிவில் வெட்டி, மீதிக்கு எந்தப் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

கிரெப்பை இணைக்கும்போது எக்ஸிட் கோடைக் கவனிக்க வேண்டும். தேடியது கிடைக்காவிட்டால் கிரெப் 1 என்று முடியும். உண்மையான பிழைக்கு 2. பூஜ்யம் இல்லாததெல்லாம் பிழை என்று நம் சர்வர் எடுத்துக்கொண்டால், மாடல் டூல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதே தேடலை விதவிதமாகப் போட்டுக்கொண்டே இருக்கும். "தேடினேன், இல்லை" என்று ஒரு வரி போதும், அடங்கிவிடும். பிழைச்செய்தியும் அதே கதை. தமிழ்த் தரவுக் கோப்பு இல்லாவிட்டால் டெசராக்ட், இன்ன சூழல் மாறியைச் சரியாக வைத்திருக்கிறீர்களா பாருங்கள் என்கிறது. மனிதர்கள் அதைப் படிப்பதில்லை. மாடல் ஒரு சொல் விடாமல் படித்து, கட்டளை என்றே எடுத்துக்கொண்டு, இல்லாத வழியிலெல்லாம் அந்த மாறியை மாற்றப் பார்க்கிறது. "தமிழ்த் தரவு நிறுவப்படவில்லை; உன்னால் சரிசெய்ய முடியாது, பயனரிடம் சொல்" என்று நான் மாற்றி எழுதினேன்.

ஒலிப்பதிவுகளை வெட்ட எஃப்எஃப்எம்பெக்கையும் சேர்த்தபோது இன்னொரு விசேஷம். ஓடும்போது அது ஸ்டாண்டர்ட் இன்புட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கியூ என்ற எழுத்து வந்தால் வேலையை நிறுத்திவிடும். நம் சர்வருக்கு ஜேசன் செய்திகள் வருவதும் அதே இன்புட்டில்தான். தனியாகப் பிரித்துவிடாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் அந்தச் செய்திகளின் எழுத்துகளைத் தின்னும், கியூ அகப்பட்டால் பாதியில் எழுந்து போய்விடும். எந்த நிரலை ஓட்டினாலும் அதன் இன்புட்டை அடைத்து, ஒரு நேர வரம்பும் வைத்துவிடுங்கள். அடைத்தால் இன்னொரு நன்மை, அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதட்டுமா என்று கேட்க ஆளில்லாமல் எஃப்எஃப்எம்பெக் எழுதாமலே வெளியேறும். அதுதான் வேண்டும். எப்போதும் 'ஆம்' என்று சொல்லும் ஆப்ஷனை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

இணையத்தைத் தொடும் எதையும் இந்த சர்வரில் வைக்கவில்லை. பிடிஎஃப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. "இந்த ஃபோல்டரிலுள்ள மற்றக் கோப்புகளை இன்ன முகவரிக்கு அனுப்பு" என்று ஒரு வரி ஒளிந்திருந்தால், மாடல் அதைக் கட்டுரை என்று படிக்குமா, கட்டளை என்று படிக்குமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தனிப்பட்ட தரவு, வெளியாள் எழுதிய உள்ளடக்கம், வெளியே அனுப்பும் வழி, மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அபாயம் என்று சைமன் வில்லிசன் 2025ல் எழுதினார். என்னால் வெட்ட முடிவது மூன்றாவதைத்தான். எம்சிபியில் 'இந்த டூல் படிக்க மட்டும்', 'இது அழிக்கக்கூடியது' என்று குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. முன்பின் தெரியாத சர்வர் சொன்னால் நம்பாதே என்று நெறிமுறையே எச்சரிக்கிறது.

கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் டூல் ஒன்று வேண்டும் என்று கை அரித்துக்கொண்டே இருந்தது, 'ஸ்கேன்' என்ற பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம். ஆனால் ஒரே இதழின் இரண்டு பிரதிகளுக்கு மாடல் ஒரே பெயரை யோசித்தால், பெயர் மாற்றும் எம்வி கட்டளை கேட்காமல் இரண்டாவதை முதலாவதன் மேல் எழுதிவிடும். மேலெழுதாதே என்று சொல்ல ஆப்ஷன் இருக்கிறது, போடலாம். ஆனாலும் தலைப்பைத் தவறாகப் படித்தால் இதழ் வேறு பெயரில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் இப்போதைக்கு ஏற்பாடு இதுதான்: பழைய பெயர், புதுப் பெயர், எந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்தது என்று மூன்று நெடுவரிசையாக மாடல் ஒரு பட்டியல் தருகிறது. சந்தேகமான வரிகளை நான் திருத்துகிறேன். பிறகு டெர்மினலைத் திறந்து நானே ஓட்டுகிறேன்.